கீமோவுக்கு மசியாத சிறுநீரகப் புற்றுநோய்

சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "கீமோ எப்போ டாக்டர்?" என்பதுதான். ஆனால், பெரும்பாலான சிறுநீரகப் புற்றுநோய்களில் கீமோவுக்கு வேலையே இல்லை. அந்த மருந்துகளுக்கு இந்தப் புற்று மசிவதில்லை. கட்டி சிறுநீரகத்தோடு நின்றிருந்தால் அறுவை சிகிச்சை போதும். பலர் அதிலேயே குணமாகிவிடுகிறார்கள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் மருத்துவம் பல காலம் திணறியது.

ஒரு துப்பு மட்டும் முன்பே கிடைத்திருந்தது. பாதித்த சிறுநீரகத்தை அகற்றிய பிறகு, நுரையீரலில் பரவியிருந்த கட்டிகள் வேறு சிகிச்சை ஏதுமின்றித் தாமாகவே சுருங்கிய நோயாளிகள் உண்டு. மிக அரிதுதான். என்றாலும், உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இந்தப் புற்றை வெல்லத் தெரியும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது. எதிர்ப்பணுக்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 மருந்துக்கு 1992-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. கடுமையான மருந்து அது. ரத்த அழுத்தம் சரியும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால், தீவிரக் கண்காணிப்பில் வைத்துத்தான் கொடுத்தார்கள். நூறு பேரில் சுமார் 15 பேருக்கே பலன் கிடைத்தது. ஆனால், கட்டி முற்றாக மறைந்த ஒரு சிலரில் பெரும்பாலோருக்கு அது ஆண்டுக்கணக்கில் திரும்பவே இல்லை. கீமோவால் முடியாத காரியம் அது.

இன்றைய இம்யூனோதெரபி செயல்படும் விதம் வேறு. நம் ரத்தத்தில் உள்ள டி-செல்கள் என்ற எதிர்ப்பணுக்கள் எல்லை மீறிப் போய் உடலையே தாக்கிவிடாமல் இருக்க, அவற்றின் மீது சில பிரேக்குகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. புற்றுச் செல் அந்த பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனும், பிடி-1 என்ற பிரேக்கைக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகள் பிடி-1ஐயும், இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4ஐயும் தடுக்கின்றன. இவை புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. அதைக் கொல்லக்கூடிய டி-செல்லை விடுவிக்கின்றன.

நிவோலுமாபையும் இபிலிமுமாபையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் 1,096 பேர் பங்கேற்றார்கள். நோயின் ஆபத்து நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தவர்களில், அதுவரை வழக்கத்தில் இருந்த சுனிடினிப் மாத்திரையால் கட்டி முற்றாக மறைந்தது நூற்றில் ஒருவருக்கு. இந்தக் கூட்டு மருந்தால் 9 பேருக்கு. அந்த ஆபத்தைக் கணிக்கப் பெரிய கருவி ஏதும் தேவையில்லை. ஹீமோகுளோபின், கால்சியம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நோயாளியின் நடமாட்டம், நோய் தெரிந்து எத்தனை மாதத்தில் மருந்து தேவைப்பட்டது என்பவையே போதும். புதிய ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்டு கொழுக்கும் புற்று இது. அதனால் அந்தக் குழாய்களைத் தடுக்கும் ஆக்சிடினிப், கபோசான்டினிப், லென்வாடினிப் மாத்திரைகளில் ஒன்றை இம்யூனோதெரபியோடு சேர்த்துக் கொடுப்பதும் இப்போது பரவலாக உள்ளது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஓராண்டு பெம்ப்ரோலிசுமாப் தருவது குறித்தும் 994 பேரிடம் ஆய்வு நடந்தது. நான்கு ஆண்டு முடிவில், மருந்து பெற்றவர்களில் 91.2 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 86 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். இது உண்மையான பலன். ஆனால், மருந்தே இல்லாமலும் பெரும்பாலோர் உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. நோயாளியை உட்காரவைத்து இரண்டையும் விளக்கிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஏனென்றால், பிரேக் விடுபட்ட செல்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு எல்லாம் பாதிக்கப்படலாம், அபூர்வமாக இதயமும். ஒருவருக்கு நாலைந்து முறை வயிற்றுப்போக்கு. வெளியே சாப்பிட்டது சேரவில்லை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். உண்மையில் அது குடல் அழற்சியாக இருந்தால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. உரிய நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தைராய்டு பாதித்தால் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டியிருக்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை தலைகாட்டலாம்.

பெம்ப்ரோலிசுமாபுக்கு 2023-ல் இந்திய அரசு சுங்க வரி விலக்கு அளித்தது. அப்படியும் முழுச் சிகிச்சைக்குப் பல லட்சம் ஆகிறது. நிலத்தை விற்றுப் பணம் புரட்டுவதற்கு முன், தன் நோய்க்கு இது எந்த அளவு பலன் தரும் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யாராவது தரும் பொடியையோ கஷாயத்தையோ புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும், "நான் இம்யூனோதெரபி எடுக்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.