நிரலின் ஆக்கியோனும் வழியும்

சிறப்புப் பாயிரம் கூறவேண்டியன எட்டு என்பது நன்னூலார் கொள்கை. அவற்றுள் ஆக்கியோன் பெயரும் வழியும் தனித்தனியே வைத்து எண்ணப்பட்டுள்ளன. நூலைச் செய்தவர் யாவர் என்பது ஒரு வினா. அது எதன்வழி வந்தது என்பது பிறிதொரு வினா. இவ்வேறுபாடு இன்று திறமூல மென்பொருள் உலகில் பெரியதொரு வழக்காய் எழுந்துள்ளமையின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திறமூல மென்பொருளில் நிரல் வெளிப்படையாய் வைக்கப்பெறும். யாவரும் திருத்தம் அனுப்பலாம். பராமரிப்பாளர் அதனைப் படித்து ஏற்பர், அன்றேல் மறுப்பர். லினக்ஸ் கெர்னலுக்கு வரும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்னும் ஒப்பவரி இருத்தல் வேண்டும். 2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம். மீது தொடுத்த வழக்கு லினக்ஸ் நிரலின் தோற்றுவாய் பற்றி ஐயம் கிளப்பியதன் விளைவாக, 2004இல் இம்முறை புகுந்தது. இந்நிரலை அளிக்கத் தமக்கு உரிமையுண்டு என்று அனுப்புவோர் தரும் உறுதிமொழியே அது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரல் எழுதத் தொடங்கியபின் இவ்வுறுதிமொழி மட்டும் போதாதாயிற்று. 2025இல் வெளிவந்த லினக்ஸ் 6.15 பதிப்பிலுள்ள ஒரு திருத்தம் முழுவதும் அத்தகைய கருவி எழுதியதென, அதனை அனுப்பிய பழுத்த அனுபவமுடையாரே பின்னர் மாநாடொன்றில் கூறினார். அதனைப் பார்வையிட்டவர்களுள் ஒருவர், முன்னரே அறிந்திருப்பின் இன்னும் கூர்ந்து நோக்கியிருப்பேன் என்றும், சிறு பிழையொன்று அகப்பட்டிருக்கும் என்றும் வருந்தினார்.

பிழை சிறிதே. ஆயினும் அவர் கூற்று ஆழ்ந்து எண்ணத்தக்கது. மதிப்பாய்வோர் எல்லா வரிகளையும் ஒரே கூர்மையுடன் படிப்பதில்லை. எழுதியவரை அறிந்து, அவர் வழுவக்கூடிய இடங்களில் கண்ணை நிறுத்துவர். சுவடி பதிப்பித்தோர் இதனை நன்கறிவர். ஏடெழுதுவோர் ஒத்த எழுத்தை மயங்கிப் படிப்பர். ஒரு வரியை விட்டு அடுத்ததற்குத் தாவுவர். கருவியின் வழு வேறு தன்மையது. நடை செம்மையாகவே இருக்கும். இல்லாத செயற்கூறு ஒன்றை உள்ளதாகக் கொண்டு அது அழைத்திருக்கும். எவ்வகை வழுவைத் தேடுவதென அறியாது படிப்பவர் உழைப்பு வீணாகிறது. அவருட் பலர் ஊதியமின்றிப் பணிபுரிவோர் என்பதையும் மறத்தலாகாது.

ஜென்டூ, நெட்பிஎஸ்டி ஆகிய திட்டங்கள் 2024இல் கருவி வழி வந்த நிரலைத் தடுத்தன. நெட்பிஎஸ்டி முன்னிசைவு பெற்றால் மட்டும் ஏற்கும். ஃபெடோரா 2025இல் அனுப்புவோரே முழுப் பொறுப்பேற்கவேண்டுமென வகுத்து இடந்தந்தது. தடை எளிதாகத் தோன்றினும், நிரலை மட்டும் நோக்கி அதன் பிறப்பை உறுதிசெய்ய இயலாமையின், மறைப்போரை விட்டு மெய்யுரைப்போரையே அது தண்டிக்கும் என அஞ்சுகின்றோம். கெர்னல் நெறியோ ‘அசிஸ்டட்-பை’ என்னும் தனிவரியில் கருவியைக் குறிக்கச் சொல்லி, ஒப்பவரியை மனிதரே இடவேண்டும் என்கிறது. ஆக்கியோன் வேறு, வழி வேறு எனப் பிரித்த இதுவே எமக்கு உடன்பாடு.

அறிவித்தவரின் திருத்தத்தைப் படியாமலே ஒதுக்குவாரும் உளர். புதிதாய் வரும் இளைஞர் வாய்மூடுதற்கு இதுவே காரணமாகின்றது. இக்குறை பராமரிப்பாளர் பாலது. இனி, எவ்வளவு உதவி பெற்றால் அறிவித்தல் வேண்டும் என்னும் வினா எஞ்சுகின்றது. 2025இல் அறிவிப்பைக் கட்டாயமாக்கிய கோஸ்டி என்னும் திட்டம், ஓரிரு சொற்களைக் கருவி நிரப்பித் தருவதற்கு அப்போது விலக்களித்தது. ஒரு செயற்கூறு முழுமையும் கருவியுடையதாயின் அறிவிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவற்றை அவ்வத்திட்டத்தாரே வரையறுத்துக்கொள்ளல் தகும்.