சாரலும் பள்ளிக்கூடமும் ஒரே மாதத்தில்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் இறங்கும், பள்ளிக்கூடமும் திறக்கும். தென்காசி வட்டாரப் பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும் அதே வாரத்தில், பேரருவிப் பாதையில் வேறு சில பிள்ளைகள் பாசிமாலையும் பலூனுமாக நிற்பார்கள். தலை துவட்டிக்கொண்டே வருகிறவரின் கையைப் பிடித்து, "அண்ணே, ஒண்ணு வாங்கிக்கோங்கண்ணே" என்பார்கள். ஒரு மிளகாய் பஜ்ஜியும் பத்து ரூபாயும் கிடைக்கும். கொடுத்தவருக்கு மனசு லேசாகிவிடும். பிள்ளை மறுநாளும் அங்கேதான் நிற்கும்.

இந்தப் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் அல்லர். தனியாகத் திரிபவர்கள், குடும்பத்தோடு தெருவில் தங்குபவர்கள், பகலில் தெரு, இரவில் குடிசை என்று இருப்பவர்கள் என மூன்று வகையாகத் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் பிரிக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. தண்டனை பிள்ளைக்கு அல்ல, பிச்சைக்கு அனுப்புகிறவருக்கு: 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். 14 வயது நிரம்பாதவரைக் கடையில் வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. குடும்பத் தொழிலுக்கு, பள்ளி நேரம் போக, விலக்கு இருக்கிறது. கேள்வி கேட்டதும் முதலாளி சித்தப்பாவாகிவிடுவது இதனால்தான்.

ஆபத்து பல வழிகளில் வருகிறது. நாள் முழுக்க ஈரத்துணியில் நிற்பதால் சளி, சேற்றுப்புண், சிரங்கு. இரவில் கடைத் திண்ணையில் படுக்கிற பிள்ளையை நெருங்குவது யாருக்கும் எளிது. பாலியல் தொல்லை நடப்பது தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. வெள்ளம் என்றால் சுற்றுலா வந்தவர் லாட்ஜுக்குத் திரும்பிவிடலாம். அருவிக்கரையிலேயே பிழைக்கிற பிள்ளை எங்கே போகும்?

இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தவர் அழைக்க வேண்டிய எண் 1098. மும்பையில் 1996-இல் தொடங்கிய இலவச உதவி எண் இது, இரவிலும் இயங்கும். எந்த அருவி, எந்தக் கடை அருகில், என்ன உடை, கூட யார் என்று சொன்னால் போதும். தென்காசி ரயில் நிலையத்தில் தனியாகத் திரியும் பிள்ளை என்றால் 139. மீட்கப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது உதவி ஆகாது. அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

"போன் பண்ணினால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டுபோய் ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. அது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஹோம் என்பது கடைசி வழி என்றே சட்டம் சொல்கிறது. தகுதியுள்ள பிள்ளை வீட்டோடு இருந்து படிக்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்பத்தைப் பிரிப்பதைவிட இந்தத் தொகையை வாங்கிக்கொடுப்பதுதான் பயனுள்ள மீட்பு.

ஆகஸ்ட் கடைசியில் சாரல் குறைந்ததும் பல குடும்பங்கள் அடுத்த திருவிழா ஊருக்கு மூட்டை கட்டிவிடும். அதற்குள் பிள்ளையின் பெயர் ஒரு பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கையை மறுக்க 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். ஊர் மாறும்போது மாற்றுச் சான்றிதழை உடனே தருவது தலைமையாசிரியரின் கடமை. இழுத்தடித்தால் துறை நடவடிக்கைக்கு உள்ளாவார். அந்தச் சான்றிதழ் வரத் தாமதம் என்று காரணம் காட்டி, புதிய ஊர்ப் பள்ளியும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.