போர் போடும் முன் கம்பி இழுப்பது எதற்கு?

இந்தியா முழுக்கப் போர் போடப் போகும் ரிக் லாரிகளுக்குத் திருச்செங்கோடுதான் தாய்வீடு. அந்த ஊரைச் சுற்றியுள்ள நாமக்கல், சேலம் சமவெளியிலோ போர் போடுவது இன்னும் சூதாட்டமாகத்தான் இருக்கிறது. காரணம் பாறை. சார்னோகைட், நைஸ் என்ற கடும்பாறைகள் தம்முள் நீரை வைத்துக்கொள்வதில்லை. மேலே உளுத்துப்போன பாறையிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். ஒரு காட்டில் தண்ணீர் பீய்ச்சியடிக்க, பக்கத்துக் காட்டில் வெறும் புகை வருவது இதனால்தான்.

தேங்காயும் வேப்பங்குச்சியும் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கம்பி இழுத்துச் செய்யும் மின்தடை ஆய்வு அளப்பது வேறொன்றை. நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் முளைகளுக்கு இடையே மின்னழுத்தத்தைப் பார்க்கிறார்கள். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் மேலும் ஆழத்துக்கு இறங்கும். பிரான்சின் கான்ராட் ஷ்லும்பெர்கர் 1912-இல் தொடங்கி வைத்த முறை இது.

உளுக்காத பாறையின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர். ஈரம் ஏறிய உளுத்த பாறையில் அது சில பத்துகளிலிருந்து நூறு இருநூறுக்குள் இறங்கிவிடும். ஆகவே உளுத்த பாறை எத்தனை அடி, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதைக் கருவி நன்றாகவே சொல்லும். திறந்தவெளிக் கிணறு வெட்டவும், கேசிங் பைப் எவ்வளவு இறக்குவது என்று கணக்குப் போடவும் இது போதும்.

தடை குறைந்தாலே நல்ல தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. களிமண்ணும் உப்புத் தண்ணீரும் அதே அடையாளத்தைத்தான் காட்டும். சேலத்தின் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து ஓடும் திருமணிமுத்தாற்றின் கரையில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி, தரைக்கடியில் இரும்புக் குழாய், கம்பிவேலி எது இருந்தாலும் அளவைக் கெடுக்கும்.

ஆழம்தான் பெரிய சிக்கல். 1000 அடி வரை பார்க்க வேண்டுமானால் வெளி முளைகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத நேர்கோடு தேவை. இரண்டு ஏக்கர் காட்டில் அதற்கு எங்கே இடம்? இடம் இருந்தாலும், அந்த ஆழத்தில் விரல் அகல வெடிப்பு கருவிக்குத் தெரியாது. எண்ணூறு அடியில் ஊற்று உறுதி என்று யாராவது சொன்னால், அது அவர் துணிச்சல், கருவி சொன்னதல்ல.

வேளாண்மைப் பொறியியல் துறையிடம் விண்ணப்பித்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்து தருகிறார்கள். யாரை வைத்துப் பார்த்தாலும், கம்பியை எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்று கேளுங்கள்; ஆய்வு வரைபடத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு ரிக் வண்டிக்குப் போன் போடுங்கள்.