மல்லாட்டை வந்த வழி



சாயங்காலம் காட்டு வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறோம். பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகிறோம்? பெட்டிக் கடையில் நாலு கடலை மிட்டாய், இல்லாவிட்டால் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. நம்ம காட்டிலேயே விளைகிறது, நம்ம அடுப்பிலேயே வறுபடுகிறது. ஆகவே இது ஆதியிலிருந்து நம்ம ஊர்ச் சரக்கு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அதுதான் இல்லை. 600 வருசத்துக்கு முன்னே இந்த மண்ணில் நிலக்கடலைச் செடி என்பதே கிடையாது.

இதன் பிறந்த வீடு தென் அமெரிக்கா. பொலிவியா நாட்டின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியும் சேருகிற சீமையில், பல ஆயிரம் வருசத்துக்கு முன்பே அங்குள்ள குடியானவர்கள் இதைப் பயிராக்கிவிட்டார்கள். அதற்கு என்ன மதிப்பு இருந்தது தெரியுமா? பக்கத்து நாடான பெருவில், சிபான் என்ற இடத்தில், 1987-இல் ஒரு பழைய அரசனின் கல்லறையைத் தோண்டினார்கள். சுமார் 1,700 வருசத்துக்கு முந்தியது. அந்த அரசனின் கழுத்தில் கிடந்த மாலையில், கடலைக்காய் வடிவத்தில் தங்கத்திலும் வெள்ளியிலும் மணிகள் கோத்திருந்தன! நாம் மாங்காயை நகையில் வைக்கிற மாதிரி, அவர்கள் கடலைக்காயை வைத்திருக்கிறார்கள்.

சரி, அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போன ஐரோப்பியர்கள்தான் கொண்டுவந்தார்கள். போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பெயின்காரர்கள் பசிபிக் மாகடலைத் தாண்டி, பிலிப்பைன்ஸ் தீவில் உள்ள மணிலா துறைமுகத்தில் இறக்கினார்கள். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் அவர்களுடைய வணிகக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன.

அந்தத் துறைமுகத்தின் பெயரை நம்ம ஜனங்கள் மறக்கவில்லை. ‘மணிலாக் கொட்டை’ என்றார்கள். வாயில் புரண்டு புரண்டு அது ‘மல்லாக்கொட்டை’ ஆகி, கடலூர், விழுப்புரம் பக்கத்தில் ‘மல்லாட்டை’ என்று நின்றுவிட்டது. கடலை என்றால் நம் முன்னோர்களுக்குக் கொண்டைக்கடலைதான். புதிதாக வந்தது மண்ணுக்குள் காய்த்ததால், இதை ‘நிலக்கடலை’ என்று பிரித்துச் சொன்னார்கள். ‘வேர்க்கடலை’ என்கிற பேர் மட்டும் கொஞ்சம் பிசகு. இது வேரில் காய்ப்பதில்லை. பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. பிறகு விழுது இறங்கி, மண்ணுக்குள் போய்க் காய் பிடிக்கிறது. களை எடுக்கும்போது தினம் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலை மட்டும் இல்லீங்க. மிக்சரில் கிடக்கிற முந்திரியும், அதில் போட்ட மிளகாய்த் தூளும், போண்டாவுக்குள் இருக்கிற உருளைக்கிழங்கும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான்.

வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளை ஆக்கியது விவசாயிகள்தான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தென்னாற்காட்டுச் செம்மண் காடுகளில் விளைந்த கடலை புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, பிரான்சில் உள்ள மார்செய் துறைமுகத்துக்குப் போனது. கொறிப்பதற்காக அல்ல. எண்ணெய் ஆட்டவும், சோப்புக் காய்ச்சவும். பின்னாளில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம், குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து, 1940-இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. தெற்கே கோவில்பட்டியில் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்து மிட்டாய் ஆயின. 2020-ஆம் ஆண்டு அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடல் தாண்டி வந்த காய்க்குக் கரிசல் சீமைப் பட்டா கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கதை இருக்கட்டும், இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெருவின் கடற்கரைப் பக்கத்துக் கல்லறைகளில் ஆயிரக்கணக்கான வருசத்துக் கடலைத் தோடு மக்காமல் கிடைத்திருக்கிறது. என்ன காரணம்? அது மழையே காணாத பாலை. அங்கே ஈரம் இல்லை, அதனால் பூசணமும் இல்லை. நம்ம கதை வேறு. ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலையைப் பிடுங்குகிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. ஈரக் காயை அம்பாரமாகக் குவித்தால், உள்ளே புழுங்கிப் பச்சைப் பூசணம் கிளம்பும். அந்தப் பூசணம் உண்டாக்குகிற நஞ்சுக்குப் பெயர் அஃப்ளடாக்சின்.

இதை உலகம் கண்டுகொண்டது எப்படி? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப் போயின. தேடிப் பார்த்தால், தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருந்தது. இது ஈரலைக் கெடுக்கும். நாள்பட்டால் ஈரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுவிடும். மாடு தின்றால் பாலிலும் இறங்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது.

இங்கேதான் ஒரு விசயத்தை மனசு விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரட்சியான காயைக் கமிட்டிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, பொக்கையும் சொத்தையும் ‘வீட்டுக்கு ஆகட்டும்’ என்று ஒதுக்கி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைத்தான் நம்ம பிள்ளைகள் கொறிக்கிறார்கள். விலைக்குப் போகாத நஞ்சைச் சொந்தப் பிள்ளைக்கு ஊட்டலாமா?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிடுங்கின செடியைக் காய் மேலே வெயிலைப் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். ஆய்ந்த காயை மெல்லிசாகப் பரப்பி, ஆட்டினால் பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரை உலர்த்துங்கள். ஈரப்பதம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மூட்டையை வெறுந்தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். உரிக்க லேசாக இருக்கும் என்று காய் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். காய வைத்த பாடெல்லாம் வீணாய்ப் போகும். பூசணம் பிடித்தது, சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

இந்த வருசம் கடலை ஆய்ந்ததும், முதல் காரியமாக நல்ல காயில் நாலு படி வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். ஒரு காலத்தில் அரசன் கழுத்தில் கிடந்த காய். நம்ம பிள்ளைகள் அதில் நல்லதைத் தின்னட்டும்.