முகப்பழக்கம் போதும்: சின்ன ஊர் ஸ்டார்ட்அப் வட்டாரம் எப்படி இயங்குது?



போன எபிசோடில் கனடாவின் வாட்டர்லூ வட்டாரத்தைப் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "நான் கிச்சனர்ல இருக்கேன். மீட்டப்புக்கெல்லாம் போறேன், ஒண்ணும் நடக்கல. பேசாம டொராண்டோவுக்கே மாறிடலாமா?" ஆடியோவில் அவசரமா ஒரு பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். அதை இங்கே ஒழுங்கா எழுதுறேன்.

முதல்ல ஊரைப் பார்ப்போம். கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ்னு மூணு நகரம், சுத்தி சில கிராமங்கள். எல்லாம் சேர்த்தும் 2021 கணக்கெடுப்பில் 6 லட்சம் பேர் இல்லை. டொராண்டோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை டெக் நிறுவனம் எப்படி?

தொடக்கம் 1957. வாட்டர்லூ பல்கலைக்கழகம் ஆரம்பிக்கும்போதே கோ-ஆப் முறையோட ஆரம்பிச்சாங்க. நாலு மாசம் வகுப்பு, நாலு மாசம் சம்பளத்தோட வேலைன்னு மாறி மாறி ஓடும். பட்டம் வாங்குறதுக்குள்ள ஒரு மாணவர் அஞ்சாறு தடவை வேலைக்குப் போயிருப்பார். போன ஒவ்வொரு இடத்திலும் நாலு பேர் அவருக்குப் பழக்கம். இன்னொண்ணு, அங்கே நீங்க கண்டுபிடிச்சது உங்களுக்கே சொந்தம், பல்கலைக்கழகம் பங்கு கேக்காது. அதனால மாணவர்கள் தைரியமா கம்பெனி ஆரம்பிப்பாங்க. 1997-ல் கம்யூனிடெக் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு வந்தது. 2008-ல் மாணவர் விடுதிக்குள்ளேயே வெலாசிட்டி இன்குபேட்டர். 2010-ல் கிச்சனர் டவுன்டவுனில் பழைய தோல் பதனிடும் ஆலைக் கட்டடத்தில் கம்யூனிடெக் ஹப் திறந்தாங்க. பேர்தான் வேற வேற. எல்லாம் செஞ்ச வேலை ஒண்ணுதான்: சம்பந்தமில்லாத ரெண்டு பேரை ஒரே காபி வரிசையில் நிக்க வெச்சது.

அதோட பலன் எப்போ தெரிஞ்சதுன்னா, பிளாக்பெர்ரி சரிஞ்சப்போ. 1984-ல் வாட்டர்லூவில் ஆரம்பிச்ச ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம்தான் ஊருக்கே பெரிய முதலாளி. 2012-ல் உலக அளவில் 5,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சாங்க. 2013-ல் இன்னும் 4,500 பேர். ஊர் அவ்வளவுதான்னு பேசினவங்க நிறைய. ஆனா வெளியே வந்தவங்க எல்லாரும் ஊரைக் காலி பண்ணலை. நிறைய பேர் பக்கத்துச் சின்ன நிறுவனங்களுக்குப் போனாங்க, சிலர் சொந்தமா ஆரம்பிச்சாங்க. முன்னாடி ஒரே கேன்டீனில் சாப்பிட்டவங்க இப்போ பல நிறுவனங்களில் ஆளுக்கு ஒருத்தரா இருந்தாங்க. ஒரு வேலை காலியானா தகவல் எங்கெல்லாம் போகும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. மார்க் கிரனோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறினவங்களைக் கேட்டார்: தெரிஞ்சவர் மூலமா வேலை கிடைச்சதே, அவரை அப்போ எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கிட்டிருந்தீங்க? அடிக்கடின்னு சொன்னவங்க நூத்துக்கு 17 பேர்கூட இல்லை. எப்பவாவதுன்னு சொன்னவங்க கிட்டத்தட்ட 56 பேர். ரொம்ப அபூர்வமான்னு சொன்னவங்க 28 பேர். 1973-ல் வந்த அவர் கட்டுரையின் சாரம் இதுதான்: நெருங்கின நண்பனுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தில்தான் வரும். நம்ம பாஷையில் முகப்பழக்கம்.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி, கிளையன்ட்டுக்கு ஃபண்டிங் நின்னு, ரெண்டே வார நோட்டீஸில் என் காண்ட்ராக்ட் முடிஞ்சது. என்னை மாதிரி சொந்த கம்பெனி பேரில் வேலை பாக்குறவனுக்கு வேலையிழப்புக் காப்பீடு பொதுவா கிடையாது. வீட்டுக் கடன் மட்டும் மாசா மாசம் தவறாம வரும். நம்ம தமிழ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மூணு நாளில் பதினாலு லிங்க் வந்தது. திறந்து பார்த்தா மொத்தமே மூணு வேலை, மூணுக்கும் நான் ஏற்கெனவே விண்ணப்பிச்சாச்சு. அவங்க மேல குத்தமே இல்லை, அத்தனை பேரும் என்னை மாதிரியே அதே தளங்களைத்தான் பாக்குறாங்க.

கடைசியில் வேலை வந்த வழி வேற. ஒரு மீட்டப்பில் ஒரு பெரியவரோட டேட்டாபேஸ் பேக்கப் மீளாம நின்னப்போ, இருபது நிமிஷம் கூட உக்காந்து சரி பண்ணிக் கொடுத்திருந்தேன். அவரை மொத்தமா நாலு தடவை பார்த்திருப்பேன். அவருக்குத் தெரிஞ்ச ஒரு நிறுவனம் சர்வர்களை கிளவுடுக்கு மாத்தப் போகுது, இன்னும் விளம்பரம் கொடுக்கலை. அங்கே அவர் என்னைப் பத்திச் சொல்லியிருக்கார். என் பேரு அவருக்கு ஞாபகமில்லை. "அந்த பேக்கப் ஆளு" என்றுதான் சொன்னாராம். அது போதுமா இருந்தது.

அதுக்காக நம்ம குரூப் வேஸ்ட்னு சொல்ல வரலை. அந்த ரெண்டு மாசம் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தப்போ ரசம் வெச்சுக் கொண்டு வந்தது அந்த குரூப்தான். அது தாங்கிப் பிடிக்கிற உறவு. முகப்பழக்கம் கதவைத் திறக்கிற உறவு. ஒண்ணோட வேலையை இன்னொண்ணுகிட்ட எதிர்பார்க்கக் கூடாது.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்?

ஒண்ணு: ஆறு மீட்டப்புக்கு ஒவ்வொரு தடவை போறதை விட, ஒரே மீட்டப்புக்கு ஆறு தடவை போங்க. முகம் பதியணும்.

ரெண்டு: "வேலை இருக்கா"ன்னு ஆரம்பிக்காதீங்க. "இப்போ எதுல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க"ன்னு கேளுங்க. உங்களால தீர்க்க முடிஞ்சா தீர்த்துக் கொடுங்க. முடியலைன்னா, முடியுறவர்கிட்ட அனுப்பி வைங்க.

மூணு: நாற்காலி அடுக்குங்க, பீட்சா பரிமாறுங்க, வாசலில் பேர் எழுதுங்க. கூச்ச சுபாவக்காரங்களுக்கு இதை விட நல்ல வழி கிடையாது. ஒரு வேலை கையில் இருந்தா, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் தானா பேச வேண்டியிருக்கும்.

நாலு: வாயைக் கட்டுங்க. ஒரு தடவை பழைய கிளையன்ட்டோட கோடைப் பத்திக் கிண்டலா பேசிட்டிருந்தேன். எதிரில் சிரிக்காம நின்னவரோட மனைவிதான் அந்தக் கோடை எழுதினவங்க. டொராண்டோவில் இது கூட்டத்தில் கரைஞ்சிருக்கும். இங்கே மறுவாரமும் அவரையே அதே காபி வரிசையில் பார்க்கணும். மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையா விட்டாங்க, ஆனா மறந்திருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். நல்ல பேரு எவ்வளவு வேகமா பரவுதோ, கெட்ட பேரும் அதே வேகம்தான்.

அப்போ டொராண்டோவுக்கு மாறணுமா? வங்கி, காப்பீடு மாதிரி பெரிய நிறுவன காண்ட்ராக்ட்தான் உங்க பிழைப்புன்னா, அங்கே வாய்ப்பு அதிகம், மறுக்கலை. ஆனா "இங்கே யாரையும் தெரியலை" என்பது மட்டும் காரணம்னா மாறாதீங்க. யாரையும் தெரியாம அங்கே போனா, கூட்டம்தான் பெருசா இருக்கும். இங்கே ஒரே இடத்தில் ஆறு மாசம் தலையைக் காட்டுங்க. அப்புறமும் ஒண்ணும் நடக்கலைன்னா எனக்கு எழுதுங்க, சேர்ந்து யோசிப்போம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்!