'சின்ன வேலைதாங்க!' - புகை விடும் பழைய மினி டிராக்டரை நம்பி வாங்கலாமா?

"பாதி விலைக்கே தர்றாங்க கண்ணு. என்ஜின்ல மட்டும் சின்ன வேலை இருக்குதாம்!"

போனில் சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள், "அந்தச் 'சின்ன' வேலை எவ்வளவுன்னு மொதல்ல கேளுங்க" என்று சித்தியின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் அவர்களுக்கு இரண்டரை ஏக்கர் தோட்டம். தென்னை, ஊடே வாழை, ஓரமாகக் கொஞ்சம் மஞ்சள். பெரிய டிராக்டர் உள்ளே வந்தால் திருப்ப இடம் கிடையாது. மினி டிராக்டரை வாடகைக்குச் சொன்னால், மண்ணில் ஈரம் இருக்கும்போது வராது. காய்ந்த பிறகுதான் வரும். அதனால்தான் சொந்த வண்டி ஆசை. 15 எச்.பி., ஒரே சிலிண்டர். கேட்ட விலை 1,60,000 ரூபாய். சித்தியின் நகையை அடகு வைத்தால்தான் அந்தப் பணம் புரளும்.

லீவு போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். சித்தப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவரும் கூட வந்தார்.

முதல் நாள் ஏமாற்றியது

காலை 9 மணிக்குப் போனோம். சாவியைத் திருப்பியதுமே வண்டி ஸ்டார்ட் ஆனது. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு! ஆனால், சாவியைத் திருப்புவதற்கு முன்பே மெக்கானிக் அண்ணன் என்ஜினைத் தொட்டுப் பார்த்திருந்தார். "ஏனுங்க, வண்டி ஏற்கெனவே சூடா இருக்குதுங்களே?" என்றார். "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டினேனுங்க" என்றார் விற்பவர்.

அதன் அர்த்தம் எனக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் புரிந்தது. டீசல் என்ஜினில் பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அமுக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்தக் காற்று நழுவிவிடும். வண்டி குளிர்ந்து கிடக்கும்போது லேசில் ஸ்டார்ட் ஆகாது. சூடேறிவிட்டால் இந்தக் குறை மறைந்துகொள்ளும். ஆகவே, பழைய டீசல் வண்டியை விடியற்காலையில், முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் 6 மணிக்கே போய் நின்றோம். நான்கு முறை சாவியைத் திருப்பிய பிறகுதான் 'டுப்... டுப்...' என்று உயிர் வந்தது. கூடவே புகை.

நீலமா, கறுப்பா, வெள்ளையா?

இந்தப் புகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பேரமே இதை வைத்துத்தான்.

கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலே இப்படி வரும். சுத்தம் செய்தால் சரியாகிவிடலாம். நாசில் கோளாறாகவும் இருக்கலாம். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை. சூடான பிறகும் வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால், ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கவும் கூடும்.

நாங்கள் பார்த்த வண்டியில் நீலப் புகை. கால் மணி நேரம் ரோட்டவேட்டர் போட்டு உழுத பிறகும் நிற்கவில்லை. என்ஜின் ஆயிலையே எரிக்கிறது என்று அர்த்தம். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்தார் மெக்கானிக் அண்ணன். அங்கிருந்தும் குபுகுபுவெனப் புகை! இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்கிறார்கள். ரிங், லைனர் எல்லாம் தேய்ந்துவிட்டது. சின்ன வேலை இல்லை, என்ஜினையே பிரிக்கிற வேலை.

"அப்போ வேண்டாமா?" என்றேன் நான். "அப்படியும் சொல்ல முடியாதுங்க" என்றார். ஒரே சிலிண்டர் என்பதால் ஒரு பிஸ்டன், ஒரு லைனரோடு முடியும். இதே வேலை 3 சிலிண்டர் மினி டிராக்டரில் வந்தால் எல்லாமே மூன்று மூன்றாக வாங்க வேண்டும். 35,000 ரூபாய் ஆகும் என்றவர், பிரித்த பிறகு கிராங்கிலும் தேய்மானம் தெரிந்தால் இன்னொரு 20,000 என்றார். ஆறுதலாக, கியர் பாக்ஸில் சத்தமில்லை. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்தபோதும் அது சட்டென்று கீழே இறங்கவில்லை. ஹைட்ராலிக் நன்றாக இருக்கிறது.

ஆர்.சி. புக்கில் ஒரு வரி

என்ஜினைவிடப் பெரிய சிக்கல் காகிதத்தில் இருந்தது. வண்டியின் மேல் வாங்கிய கடன் ஆர்.சி.யில் இன்னும் அப்படியே பதிவாகி நிற்கிறது. "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சுங்க" என்றார் விற்பவர். கட்டியிருக்கலாம். ஆனால், கடன் கொடுத்த இடத்திலிருந்து தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வந்தால்தான் அந்த வரி நீங்கும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தனி. ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை, விபத்து ஏதாவது நடந்தால் வழக்கு பழைய உரிமையாளரையும் தேடிப் போகும். விற்பவருக்கும் இது நல்லதுதான் என்று பக்குவமாகச் சொன்னோம். கொஞ்சம் முகம் சுளித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி ஒரு நோட்டை நீட்டினார். போன வருஷம் உழவு வாடகைக்குக் கொடுத்தது மொத்தம் 38,000 ரூபாய். வண்டி விலையோடு என்ஜின் வேலையையும் சேர்த்தால் ஐந்து வருஷ வாடகை ஆகிவிடுகிறது. டீசலும் நகைக்கடன் வட்டியும் அதில் சேரவில்லை. 'உழவன்' செயலி வழியாக வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை வாடகைக்கு முன்பதிவு செய்யலாம் என்று நான் போனைக் காட்டினேன். "ஈரம் காயறதுக்குள்ள வருமா?" என்றார் சித்தப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் சித்தப்பா 1,10,000 ரூபாய்க்குக் கேட்டார். அவர் 1,25,000 வரை இறங்கி வந்திருக்கிறார். சான்றும் படிவமும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்பது சித்தி போட்ட நிபந்தனை.

இதை எழுதும்போது சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "அடுத்த வாரம் பேப்பர் வந்துருமாம் கண்ணு" என்றார். பீரோ சாவி இன்னும் சித்தியின் இடுப்பில்தான் இருக்கிறது.