நனையும் துளையும் நனையாத் துளையும்



மழை ஓய்ந்ததும் சேம்பிலையைப் பாருங்கள். நீர் முத்தாகத் திரண்டு உருண்டோடும். அருகிற் கிடக்கும் ஓட்டுத் துண்டிலோ அதே நீர் பரந்து ஊறிவிடும். இவ்வேறுபாட்டையே நனையுந்தன்மை என்கின்றோம். கண்ணுக்குப் புலனாகாத நீராவியும் இதற்குக் கட்டுப்பட்டதே.

மருந்துப் போத்தலினுள் இடப்படும் சிறு பொட்டலத்தில் இருப்பது சிலிக்கா செல். அதன் ஒரு கிராமிலுள்ள நுண்டுளைச் சுவர்களின் பரப்பு பல நூறு சதுர மீற்றராகும். அச்சுவர்களில் நீரை விரும்பும் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைந்துள்ளன. ஆகையால், காற்று ஓரளவு வறண்டிருப்பினும் நீராவி மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. இதுவே புறத்துறிஞ்சல்.

உயர் வெப்பத்திற் கொதிநீராவி செலுத்திப் பதப்படுத்திய சிரட்டைக்கரிக்கும் நுண்டுளைகள் ஏராளம். ஆயினும் அதன் சுவர் நீரை எளிதில் ஏற்பதில்லை. சாரீரப்பதன் நூற்றுக்கு 40 வரை அது கொள்ளும் நீர் பெரும்பாலும் சொற்பமே. ஒட்சிசன் சேர்ந்த சிற்சில இடங்களில் மட்டும் சில மூலக்கூறுகள் தங்கும். அவற்றைப் பற்றிப் பிறவும் திரளும். ஈரப்பதன் 50, 60 என உயரவே, துளைகள் விரைந்து நிரம்பிவிடும்.

இதனை அறிவதாற் பயன் யாது? வர்ணம் விசிறும் தொழிலாளி அணியும் முகமூடியில் நச்சாவியைப் பற்றுவது இத்தகைய கரியே. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 60க்கு மேற்பட்டது. அக்கலத்தைத் திறந்தே வைப்பின், நீர் துளைகளிற் குடியேறும். நச்சாவிக்கு இடம் குறையும். தீங்கு அவன் நுரையீரலுக்கே. ஆதலின் இறுக மூடிவைத்தல் வேண்டும்.

துளைகள் எத்தனை என்பதோடு, அவற்றின் சுவர் எதை விரும்புகின்றது என்பதையும் அறிவோமாக.